ஹைக்கூவுக்கு மென்பொருள் தேடிய நாட்கள்

8 டிசம்பர் 2024, ஞாயிறு, மஞ்சக்குப்பம், கடலூர்

ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு இன்றுதான் மேசையில் நிம்மதியாக உட்கார முடிந்தது. 2 ஜிபி நினைவகம் மட்டுமே உள்ள என் பழைய மடிக்கணினியில், செப்டம்பரில் வெளியான ஹைக்கூ இயங்குதளத்தின் ஐந்தாம் பீட்டா பதிப்பைப் பென்டிரைவிலிருந்து நிறுவினேன். பிஓஎஸ் (BeOS) என்ற இயங்குதளத்தை உருவாக்கிய பி (Be) நிறுவனத்தின் உடைமைகளை 2001இல் பாம் நிறுவனம் வாங்கியதோடு அதன் கதை முடிந்தது. அதே ஆண்டில் ஆர்வலர்கள் அதைத் திறமூலமாக மீண்டும் எழுதத் தொடங்கியதன் விளைவே ஹைக்கூ. ஒவ்வொரு சாளரமும் தனக்கென ஒரு த்ரெட்டில், அதாவது மற்றவற்றுக்குக் காத்திராத தனி இழையில், இயங்குவதால், பாட்டு ஓடிக்கொண்டிருக்க, பெரிய கோப்புகள் நகலாகிக்கொண்டிருக்க, நான் வேறு சாளரங்களைத் திறந்து மூடியபோதும் சுட்டி ஒருமுறைகூடத் தயங்கவில்லை.

மகன் எட்டிப் பார்த்து, "அப்பா, இதுல வேர்டு இருக்கா?" என்றான். உற்சாகம் பாதி வடிந்துவிட்டது.

10 டிசம்பர், செவ்வாய்

விண்டோஸ் நிரல்களை இங்கே அப்படியே கொண்டுவந்து போட முடியாது. ஹைக்கூவின் மென்பொருள் கிடங்கான ஹைக்கூடிப்போவில்தான் தேட வேண்டும். அங்கிருந்து இறக்கும் பொதி, வட்டில் பிரித்துக் கொட்டப்படாமல், மூடிய பெட்டியாகவே இருந்து கோப்பு அமைப்பில் இணைந்துகொள்கிறது. வேண்டாமென்று நீக்கினால் நிரலின் கோப்புகள் அதோடு போய்விடும். விண்டோஸில் குப்பை அள்ளியே பழகிய எனக்கு இது பெரிய ஆறுதல்.

இரவு, என் தமிழ் எழுத்துருவை நிறுவி, ஹைக்கூவோடு கூடவே வந்த ஸ்டைல்டுஎடிட் என்ற உரைத் திருத்தியில், எங்கள் ஊர் ஆற்றின் பெயரான 'கெடிலம்' என்ற சொல்லை ஒட்டினேன். ஒற்றைக்கொம்பு ககரத்தை விட்டு நகர்ந்து டகரத்துக்கு முன்னால் போய் நின்றது. யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் அதை முன்னுக்கு நகர்த்துவது எழுத்தைக் கோக்கும் நிரலின் வேலை. ஹைக்கூவுக்கென்றே எழுதப்பட்ட நிரல்களில் அந்த வேலை நடப்பதில்லை.

12 டிசம்பர், வியாழன்

மழை. ஒன்றும் செய்யவில்லை.

15 டிசம்பர், ஞாயிறு

ஹைக்கூவுக்கு மாற்றி அமைக்கப்பட்ட லிப்ரேஆஃபிஸை நிறுவினேன். அது எழுத்தைக் கோக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரலகத்தைப் பயன்படுத்துவதால், கெடிலம் கெடிலமாகவே தெரிந்தது. ஆனால் அது திறப்பதற்குள் அடுப்பில் வைத்த பால் பொங்கிவிட்டது. இந்த இயங்குதளத்தின் வேகத்துக்காக வந்தவன், தமிழுக்காக அந்த வேகத்தையே விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்; ஆனாலும் தமிழ் உடைந்து தெரியும் வேகத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

வெள்ளச் சேதம் பற்றிய மனுவை அதிலேயே தட்டச்சு செய்து, 'கெடிலம் மனு' என்ற பெயரில் சேமித்தேன். மனுவுக்குள் கொம்பு சரியாக இருந்தது. மேசைத்திரையில் தெரிந்த கோப்பின் பெயரில் மட்டும் அது மறுபடி டகரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்ததால், பெயரை ஆங்கில எழுத்துக்கு மாற்றிவிட்டு மடிக்கணினியை மூடினேன்.