எத்தனை அடித் தண்ணீர்?

கட்டாரில் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது ஆண்டுகளாகின்றன. நீர்த்தாங்கிகளிலும் கால்வாய்களிலும் நீர்மட்டத்தைக் காட்டும் கருவிகளைப் பொருத்துவதும் பழுதுபார்ப்பதும் என் தொழில். அதன் நிமித்தம் ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை வேறு நாடுகளுக்கும் அனுப்பப்படுகிறேன். வேலை முடிந்து எஞ்சும் ஒரு நாளிலோ அரை நாளிலோ எடுத்த படங்களை, இம்முறை விடுமுறையில் கிளிநொச்சிக்கு வந்தபோது மடிக்கணினியில் திறந்து வீட்டாருக்குக் காட்டினேன். கோபுரங்களையும் கடைத்தெருக்களையும் எதிர்பார்த்த தங்கையின் பிள்ளைகள் சிறிது நேரத்தில் எழுந்து போய்விட்டார்கள். இடம்பெயர்ந்திருந்த காலங்கள் நீங்கலாக வாழ்நாள் முழுவதும் இரணைமடுக் குளத்தின் கீழ் கமஞ்செய்துவரும் பெரியப்பா மட்டும் கதிரையை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் எங்கு போனாலும் அதிகமாகப் படமெடுத்திருப்பது நீரை அளக்கும் இடங்களைத்தான் என்பதை அவர் பக்கத்தில் இருந்து பார்க்கும்போதே நானும் கவனித்தேன்.

கெய்ரோ நகரில், நைல் ஆற்றிலுள்ள ரோடா தீவின் தெற்கு முனையில் கல்லாற் கட்டிய ஆழமான கிணறு ஒன்று உண்டு. அப்பாசியக் கலீபா அல் முத்தவக்கிலின் காலத்தில், 861ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. கிணற்றின் நடுவே எட்டுப் பட்டைகள் கொண்ட பளிங்குத் தூண் நிற்கிறது. அதில் முழக்கணக்கில் கோடுகள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆற்று நீர் வெவ்வேறு உயரங்களில் அமைந்த மூன்று சுரங்கவழிகளால் உள்ளே வந்து அலையடங்கி நிற்க, அது எத்தனையாவது கோட்டைத் தொடுகிறது என்று பார்ப்பார்களாம். 16 முழம் ஏறினால் நல்ல விளைச்சல், அதற்குக் கீழே நின்றுவிட்டால் பஞ்சம், மிகுந்தால் வெள்ளம். குடிகள் செலுத்தவேண்டிய வரியும் அந்தக் கோட்டைப் பார்த்தே தீர்மானிக்கப்பட்டது. அசுவான் பேரணை 1970இல் நிறைவடைந்த பிறகு நைலில் ஆண்டு வெள்ளம் ஏறுவதில்லை, சுரங்கவழிகளும் அடைக்கப்பட்டுவிட்டன. ஆகவே நான் வறண்ட படிகளில் இறங்கி, கீழிருந்து மேல்நோக்கி அந்தத் தூணைப் படமெடுத்தேன்.

பெரியப்பா திரைக்கு மிக அருகே முகத்தைக் கொண்டுபோனார். "பதினாறு முழம் எண்டால் எங்கட கணக்கில எத்தினை அடி, தம்பி?" அங்குள்ள முழம் நம்முடையதைவிடச் சற்று நீளமானது, கணக்குப் பார்த்து, ஏறத்தாழ 28 அடி என்றேன். "இருபத்தெட்டு அடி நிண்டால் சிறுபோகத்துக்குக் குறை சொல்லேலாது" என்றார். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தூண் ஒன்றை அவர் இரணைமடுவில் நட்டுப் பார்த்துவிட்டார்.

வன்னிக்கு வெளியே உள்ளவர்களுக்கு இதை விளக்கவேண்டும். கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் கட்டத் தொடங்கிய இரணைமடுக் குளம் அண்மைய புனரமைப்பின்போது 34 அடியிலிருந்து 36 அடிக்கு உயர்த்தப்பட்டது. இங்கே குளத்தைப் பற்றிய பேச்செல்லாம் அடிக்கணக்குத்தான். சந்தையிலும் கோயிலிலும் சந்திப்பவர்கள் நலம் விசாரித்த கையோடு இன்றைக்கு எத்தனை அடி என்று கேட்பார்கள். மாரியில் விளையும் காலபோக நெல்லுக்கு மழை துணை நிற்கும். கோடையில் விளையும் சிறுபோகத்துக்குக் குளம் மட்டுமே. மாரி முடிந்ததும் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், நிற்கும் தண்ணீரைக் கொண்டே எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவாகிறது. தண்ணீர் குறைந்த ஆண்டில் எல்லோரும் முழுக் காணியையும் விதைக்க முடியாது. பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பிணக்குகள் தொடங்குவதும் அங்கேதான்.

அதனாலேயே ஓமான் படங்களில் பெரியப்பா அதிக நேரம் நின்றார். நிஸ்வாவுக்கு அருகே பிர்கத் அல் மௌஸ் என்ற ஊரில் அல் கத்மைன் என்னும் பலஜ் ஓடுகிறது. மலையடி நிலத்தடி நீரை, எந்த இயந்திரமும் இன்றி, சாய்வு ஒன்றையே நம்பிப் பேரீச்சந் தோட்டங்களுக்குக் கொண்டுவரும் வாய்க்காலை அங்கே பலஜ் என்கிறார்கள். ஓமான் முழுவதும் இப்படி மூவாயிரம் வரை இன்றும் பயனிலுள்ளன, அவற்றில் ஐந்தை யுனெஸ்கோ 2006இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அல் கத்மைன் ஓரிடத்தில் மூன்று சம கிளைகளாகப் பிரிகிறது. முழங்கால் மடித்து இருந்து அந்த இடத்தைப் படமெடுத்தேன்: ஒரு சாண் ஆழந்தான் இருக்கும், அடியிற் கிடக்கும் கூழாங்கல் தெரியும் தெளிவு, விரலளவு மீன்கள் ஓட்டத்தை எதிர்த்து அசையாமல் நிற்கின்றன, பிரிக்கும் கல்லின் விளிம்பில் நீர் தயக்கமின்றி மூன்றாகிறது. தோட்டக்காரருக்குரிய பங்கு அங்கே நேரத்தால் அளக்கப்படுகிறது. கைக்கடிகாரம் வருமுன் பகலில் நட்டுவைத்த கோலின் நிழலையும் இரவில் விண்மீன்களையும் பார்த்து முறை மாற்றினார்கள். முதலிற் குடிக்கும் நீர், பிறகு பள்ளிவாசலும் குளிக்குமிடமும், அதன் பின்னரே தோட்டங்கள்.

பெரியப்பாவின் காணி வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. தலைப்பில் உள்ளவர் இரவில் மடையைக் கூடுதலாகத் திறந்துவிட்டால் விடியும்போது அவருடைய வரம்புக்கு ஈரம் மட்டுமே வந்து சேரும். முற்றிய கதிருக்குக் கடைசித் தண்ணீர் கிடைக்காமல் ஒரு போகம் பதராய்ப் போனதை நான் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் மூன்று கிளைகளின் படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, ஒவ்வொரு கிளையின் அகலத்தையும் திரையில் விரல் வைத்து அளந்தார். "ஒருத்தரும் கல்லை நகர்த்த மாட்டினமே?" என்று கேட்டார். கல் சீமெந்தோடு இறுகியிருக்கிறது என்றேன். நான் போன நாடுகளில் இந்த ஒரு சாண் நீரையே மிக உயர்ந்த பொறியியலாகக் கருதுகிறேன். வரிக்காக அளப்பதிலும் பங்குக்காக அளப்பது கடினமானது.

அம்ஸ்ரர்டாம் படங்கள் சிலவே. நெதர்லாந்தின் உயரங்களுக்கெல்லாம் சுழியமாகக் கொள்ளப்படும் பித்தளைக் குமிழ் நகரமண்டபக் கட்டடத்துக்குள் இருக்கிறது. அருகே நீர் நிரம்பிய மூன்று கண்ணாடிக் குழாய்கள். இரண்டு, இன்றைய கடல்மட்டத்தைக் காட்டுகின்றன. மூன்றாவது, 1953 பெப்ரவரி முதலாம் நாள் விடியலுக்கு முன் கரையை உடைத்து 1,836 பேரைக் கொன்ற வெள்ளத்தின் உயரத்தில், நாலரை மீற்றர் கடந்து தலைக்கு மேலே நிற்கிறது. இந்தப் படத்துக்குப் பெரியப்பா கேள்வி எதுவும் கேட்கவில்லை. 2018 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுச் சுவரில் நீர் நின்ற அடையாளத்தை, இரண்டு முறை வெள்ளையடித்த பிறகும், எந்த இடம் என்று அவரால் காட்ட முடியும்.

எங்கள் வீட்டில் 2009க்கு முந்தைய ஒளிப்படம் ஒன்றுகூட இல்லை. அப்பா குளக்கட்டில் நின்ற படம் ஒன்று இருந்தது. எந்த ஊரில் எந்தப் பையோடு விடுபட்டது என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. அதனால் புறப்படுவதற்கு முதல்நாள் காலையில் பெரியப்பாவைக் குளக்கட்டுக்கு அழைத்துப்போனேன். அளவு எழுதிய இடத்தைக் காட்டி அதன் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். சால்வையைச் சரிசெய்துகொண்டு, கமராவைப் பாராமல், தண்ணீர் தொட்டு நின்ற இலக்கத்தைப் பார்த்தபடி நின்றார். அப்படியே எடுத்தேன்.

ஓமான் படத்தை அச்சிட்டுத் தரச் சொன்னார். பட்டணத்தில் ஒரு கடையில் பெரிதாக எடுத்து, நனையாதபடி உறையிட்டுக் கொடுத்தேன். நான் தோகா திரும்பிய மூன்றாம் வாரம் தொலைபேசியில் அழைத்தார். கமக்காரர் கூட்டத்துக்கு அதைக் கொண்டுபோய் எல்லோர் கையிலும் கொடுத்துப் பார்க்கச் செய்ததாகவும், தலைப்புக் காணிக்காரர் ஒருவர் அதை நெடுநேரம் வைத்திருந்ததாகவும் சொன்னார். பிறகு, நான் கேட்கு முன்னரே, "இண்டைக்கு இருபத்திநாலு அடி" என்றார்.