ஜவ்வு கிழிந்தது என்றால் எது கிழிந்தது?

கால் சேற்றில் புதைந்திருக்க, நாற்றுமுடியோடு உடம்பு மட்டும் திரும்பும்போது முழங்காலுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். மன்னார்குடிப் பக்கம் நடவு நாளில் இப்படி, பொங்கல் கபடியிலும் இப்படித்தான். "ஜவ்வு கிழிஞ்சிடுச்சு" என்று ஊர் ஒரே சொல்லில் முடித்துவிடும். பிசியோதெரபிக்கு வருகிறவரிடம் நாங்கள் முதலில் பிரித்துக் காட்டுவது அந்தச் சொல்லைத்தான்.

எலும்பை எலும்போடு கட்டுவது லிகமென்ட். தசையை எலும்போடு கட்டுவது டென்டன். தமிழில் முதலாவதைத் தசைநார், அடுத்ததைத் தசைநாண் என்று எழுதுகிறார்கள். எலும்புக்கு எலும்பு போட்ட கட்டில் தசைக்கு என்ன வேலை? பாதிக் குழப்பம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. ஆட்டுக்கால் சுத்தம் செய்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும்: பின்பக்கம் ஓடும் வெள்ளைக் கயிற்றை இழுத்தால் குளம்பு மடங்குமே, அது டென்டன். மூட்டைப் பிரிக்கும்போது கத்திக்கு மசியாமல் இரண்டு எலும்பையும் பிடித்துக்கொண்டிருப்பது லிகமென்ட்.

அடிபட்டதில் எது போயிருக்கும் என்று அறிய, மல்லாந்து படுத்து, அந்த முழங்காலை மடக்காமல் குதிகாலை ஒரு சாண் தூக்கிப் பாருங்கள். தூக்கவே வரவில்லையா? தொடைத் தசையின் டென்டன் அறுந்திருக்கலாம், முழங்கால் சில்லு உடைந்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனை. தூக்க வருகிறது, ஆனால் இரண்டு மணி நேரத்துக்குள் பந்துபோல் வீங்கிவிட்டது, ஊன்றினால் மூட்டு நழுவுகிறது என்றால் முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் கட்டும் ஏ.சி.எல். என்ற லிகமென்ட் மேல்தான் சந்தேகம். எக்ஸ்ரே இதைக் காட்டாது, எம்.ஆர்.ஐ. வேண்டும். 'எக்ஸ்ரே நார்மல்' என்று வயலில் இறங்கியவர்கள் சில மாதம் கழித்து மெனிஸ்கஸையும் (மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு) கிழித்துக்கொண்டு வருகிறார்கள்.

முதல் இரண்டு நாள் துண்டில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம், கிரேப் பேண்டேஜ், தலையணைமேல் கால். எண்ணெய் போட்டு உருவக் கூடாது; உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும், வீக்கம்தான் கூடும்.

ரிப்போர்ட்டில் ஒருவர் 'பட்டெல்லார் டென்டன்' என்பார், இன்னொருவர் 'பட்டெல்லார் லிகமென்ட்' என்பார். இரண்டும் ஒரே பட்டைதான். தொடைத் தசையின் தொடர்ச்சி என்பதால் டென்டன். சில்லு எலும்பிலிருந்து கீழ்க்கால் எலும்புக்குப் போவதால் லிகமென்ட். இரண்டு நோய் என்று பயப்பட வேண்டாம்.

முழுதாக அறுந்த ஏ.சி.எல்.லுக்குப் பதிலாக, அறுவைச் சிகிச்சையில் பெரும்பாலும் ஒரு டென்டனைத்தான் எடுத்து வைக்கிறார்கள். அது லிகமென்ட்டாக மாறப் பல மாதம் பிடிக்கும். 9 மாதத்துக்கு முன் கபடி கூடாது. ஆறாவது வாரவாக்கில் வலி அநேகமாகப் போயிருக்கும், ஒட்டு வைத்த நாரோ அப்போதுதான் நொய்ந்து கிடக்கும். வாசலில் நிற்கும் பைக்கை உதைத்துப் பார்க்க ஆசை வருவதும் சரியாக அந்த வாரம்தான்.