ஃபைஸ்டி: ஒரு நாய் வசையின் வழித்தோன்றல்

துணிவும் துடுக்கும் உள்ளவரைப் பாராட்ட ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஃபைஸ்டி’ என்ற பெயரடையின் வேர், சொல்லவே கூச்சமாக இருக்கிறது, குசு விடுவதைக் குறித்த இடைக்கால ஆங்கில வினைச்சொல்லில் இருக்கிறது. அவ்வினையிலிருந்து, நாற்றமடிக்கும் சொறிநாயை ஏசும் ‘ஃபைஸ்டிங் கர்’ என்ற வசை 16ஆம் நூற்றாண்டில் வழங்கியது. அது நாளடைவில் சுருங்கி ‘ஃபைஸ்ட்’ என்றாகி, அமெரிக்காவின் தென்பகுதியில் சிறிய நாய்களின் பெயராகவே நிலைத்தது. ஜார்ஜ் வாஷிங்டன் 1770ஆம் ஆண்டு நாட்குறிப்பில் இப்பெயரின் மற்றொரு வடிவத்தைக் கொண்டு ஒரு மஞ்சள் நிற நாயைக் குறிப்பிடுகிறார். அணில் வேட்டைக்குப் பழக்கப்பட்ட இந்நாய்கள், உருவத்தில் சிறியவையாயினும் எதையும் எதிர்த்துச் சீறுபவை என்பதால், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்பெயரிலிருந்து பெயரடை பிறந்தபோது அது வம்புக்கு நிற்பவரையே சுட்டியது.

பின்னர்தான் அது பாராட்டாக மாறியது. ஆனாலும் நாயின் சிறிய உருவம் அச்சொல்லைவிட்டு முழுதாக அகலவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது: வாய்த்துடுக்கான பாட்டியையும் குள்ளமான விளையாட்டு வீரரையும் ‘ஃபைஸ்டி’ என்று புகழ்பவர்கள், ஆறடி உயரப் படைத்தளபதியை அவ்வாறு அழைப்பது அரிது. பெண்களைப் பற்றி அடிக்கடி ஆளப்படும் இப்புகழ்ச்சியில் ஓர் ஏளனம் ஒளிந்திருக்கிறது என்று சிலர் முகம் சுளிப்பது நியாயம்தான்.