ஸ்டென்ட் வைத்த பிறகு வரும் அந்த ஒரு வருஷம்

2014-ல் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் கேத் லேப்பில், அதாவது இதயக் குழாய் அடைப்பை எடுக்கிற அறையில், ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து ஏழு வருஷம் இருந்தேன். இப்போது பாம்பன் பக்கம், சொந்த ஊரிலேயே, ஒரு சின்ன கிளினிக்கில் வேலை. கேத் லேப்பில் மணிக்கட்டு வழியாகக் கம்பி போய், பலூன் விரிந்து, ஸ்டென்ட் என்கிற சின்ன உலோக வலைக்குழாய் உட்கார்ந்து, அடைபட்டுக் கிடந்த இதய ரத்தக் குழாயில் ரத்தம் ஓடுவதைத் திரையில் பார்ப்போம். அந்த நிமிஷம் தருகிற நிம்மதிக்கு ஈடே கிடையாது. அதற்கப்புறம் அந்த ஆள் ஊருக்குப் போய் என்ன ஆனார் என்பது எங்களுக்குத் தெரியாது. இங்கே வந்த பிறகு நான் பார்ப்பதெல்லாம் அது மட்டும்தான்.

நாட்டுப்படகில் போகிற ஒரு அண்ணன். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்து மூன்றாவது மாதம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேர்த்து ஊற்ற உள்ளே வந்தார். ஈசிஜி எடுத்ததுமே கை நடுங்கிவிட்டது எனக்கு. மாத்திரை போடுறீங்களாண்ணே என்று கேட்டேன். "பல்லு புடுங்கணும் தங்கச்சி, ரத்தம் நிக்காதுன்னு சொன்னாங்க, அதான் பத்து நாளா ரெண்டையும் நிறுத்திட்டேன்." ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துவிட்டது. 108-ஐக் கூப்பிட்டு, பாலம் தாண்டி ராமநாதபுரம், அங்கிருந்து மதுரை, மொத்தம் 150 கிலோமீட்டருக்கு மேல். பிழைத்துவிட்டார். ஆனால் இதயம் பம்ப் பண்ணுகிற வலு குறைந்துபோனது, வலை இழுக்க முடியாது.

இது ஏன் நடக்கிறது என்று ஊரில் யாருமே சொல்லித்தருவதில்லை. டிஸ்சார்ஜ் அன்று ஐந்து நிமிஷத்தில் சொல்லி அனுப்பிவிடுகிறோம், நானும் அப்படித்தான் அனுப்பியிருக்கிறேன், அதை நினைத்தால் இப்போதும் மனசு கேட்பதில்லை. வெறும் உலோக ஸ்டென்ட் மட்டும் இருந்த காலத்தில், குழாயின் உள்சுவரில் தழும்பு மாதிரி சதை வளர்ந்து நூற்றுக்கு 20, 30 பேருக்கு மறுபடி சுருங்கிவிடும். அந்தச் சதை வளராமல் இருக்கத்தான் ஸ்டென்ட் மேலேயே மருந்து பூசினார்கள். 2002, 2003 வாக்கில் புழக்கத்துக்கு வந்தது. முதலில் வந்த சிரோலிமஸ் என்ற மருந்து ஈஸ்டர் தீவின் மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து கிடைத்தது. எங்கள் பாம்பன் தீவுக்காரர்களிடம் இதைச் சொன்னால் கண் விரியக் கேட்கிறார்கள். சரி, அதே மருந்துதான் உள்சுவர் ஆறுவதையும் தாமதமாக்குகிறது. உலோகத்தின் மேல் தோல் மாதிரி மூடும்வரை ரத்தம் அதை அந்நியப் பொருளாகத்தான் பார்க்கும், பார்த்த இடத்தில் உறையும். அதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரினோடு இன்னொரு மாத்திரை. மாரடைப்புக்காக வைத்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு வருஷம் இரண்டும் வேண்டும், அதற்குப் பிறகும் ஆஸ்பிரின் பொதுவாகத் தொடரும். பல் பிடுங்க இவற்றை நிறுத்தவேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. பஞ்சு வைத்து அழுத்தினால், வேண்டுமானால் ஒரு தையல் போட்டால், ரத்தம் நின்றுவிடும்.

"எங்க ஊர்க்காரரு செஞ்ச ஸ்பிரிங்கா இது?" என்று பெரியவர்கள் ஸ்டென்ட்டைப் பற்றிக் கேட்பார்கள். அப்துல் கலாமும் இதய டாக்டர் சோம ராஜுவும் 1990-களில் குறைந்த விலையில் கொண்டுவந்தது மருந்தில்லாத உலோக ஸ்டென்ட் என்று சொல்வேன். விலை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது, ஸ்டென்ட்டுக்கு மட்டுமே லட்சத்தைத் தாண்டிய பில்லை நான் கையில் வைத்திருந்திருக்கிறேன். 2017 பிப்ரவரியில் மருந்து ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வந்தது. நகையை அடகு வைக்கப் போன குடும்பங்களைப் பார்த்த எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

இப்போது இடிக்கிற இடம் மாத்திரைதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகில் கூலிக்குப் போகிறவர் கையில் காசிருக்காது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டு மாத்திரையை இழுத்துக்கொண்டிருப்பார். அந்த இரண்டாவது மாத்திரை வகைகளில் ஒன்றான க்ளோபிடோக்ரல் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கும் என்று சொல்லிச் சொல்லி அனுப்புகிறேன். நோன்பு மாதத்தில் இரண்டு வேளை மாத்திரைக்காரர்களுக்கு சஹர் நேரமும் நோன்பு திறக்கிற நேரமும் என்று டாக்டரிடம் கேட்டு எழுதிக் கொடுப்பேன். ஒருமுறை ஒரு பெரியவர், படகில் எடுத்துப்போக வசதியாக இருக்கட்டும் என்று ஆஸ்பிரினை அட்டையிலிருந்து பிரித்துப் பேப்பரில் மடித்து இடுப்பில் செருகி வைத்திருந்தார். பிரித்துப் பார்த்தால் மாத்திரை நமுத்து, ஓரமெல்லாம் உதிர்ந்து, வினிகர் மாதிரி புளித்த வாடை. ஈரம் பட்டால் ஆஸ்பிரின் அப்படித்தான் சிதையும். அன்றிலிருந்து திருகுமூடி போட்ட டப்பாக்களை வாங்கி வைத்திருக்கிறேன், அட்டையோடு வெட்டி அதில் போட்டு, இரண்டாவது மாத்திரை எந்த மாதம் வரை என்று மூடியில் மார்க்கரால் எழுதித் தருகிறேன். தேதியை விட, அடுத்த ஐப்பசி வரைக்கும் என்று எழுதினால் மறப்பதில்லை.

போன மாதம் அந்தப் பல் அண்ணன் இன்னொருவரைத் தோளில் கைபோட்டுக் கூட்டிவந்தார். "இவனுக்கும் ஸ்பிரிங் வச்சு நாலு மாசம், இப்போ பல்லு வலி. மாத்திரையை நிறுத்தாம புடுங்குற டாக்டர் யாருன்னு சொல்லு தங்கச்சி." ராமநாதபுரத்தில் ஒரு பல் டாக்டருக்கும், ஸ்டென்ட் வைத்த டாக்டருக்கும் போன் போட்டேன். சாயங்காலம் பல்லைப் பிடுங்கிவிட்டு, பஞ்சைக் கடித்தபடியே வந்து டப்பாவைத் திறந்து காட்டிவிட்டுப் போனார் அவர்.