எலியின் முழங்காலில் ஒரு ஜவ்வை அறுத்த கதை

கபடி ஆடுகிறவர்கள் 'ஜவ்வு கிழிஞ்சிடுச்சு' என்று சொன்னால் பெரும்பாலும் அது முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிடித்திருக்கும் ஏசிஎல்தான். அப்படிக் கிழிந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பத்து, இருபது வருடத்தில் அந்த மூட்டு தேய ஆரம்பித்துவிடுகிறது. அத்தனை வருடம் ஒரு மனிதரின் பின்னால் அலைய முடியாது. எலிக்கு எட்டு வாரம் போதும். பிஎச்.டி.க்காக நான் எலிகளின் ஏசிஎல்லை அறுத்தேன்.

முதலில் ஃபார்ம் பி. எந்த விலங்கு, எத்தனை, ஏன் அதற்குக் குறைவாக முடியாது என்று விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு எழுதித் தர வேண்டும். பாண்ட், நூக்கி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1973-இல் இதை நாயில்தான் செய்தார்கள். நாய் என்னால் ஆகாது. மூட்டுக்குள் மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸைப் பிடித்திருக்கும் ஜவ்வைச் சுண்டெலியில் வெட்டும் டிஎம்எம் என்ற முறைக்கு என் கை போதாது. சரி, எலி.

குழுவில் அறிவியல் சாராத உறுப்பினர் ஒருவர் இருந்தார். "வலிக்குதுன்னு எலி வந்து சொல்லுமா? நீங்க எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?" என்று கேட்டார். 'வலி மருந்து கொடுக்கப்படும்' என்று ஒற்றை வரி எழுதியிருந்த நான் முழித்தேன். படிவம் திரும்பி வந்தது. எந்த மருந்து, எத்தனை நாள், எடை எவ்வளவு குறைந்தால் என்ன செய்வது, கண் பாதி மூடிக் காது மடங்கியிருக்கிறதா என்று யார் பார்ப்பது, எல்லாம் எழுதிய பிறகே அனுமதி கிடைத்தது. அந்தக் கேள்விக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

வேறு ஆய்வுகளில் இறந்த எலிகளின் காலில் ஒரு மாதம் பழகினேன். முழங்கால் சில்லை ஒதுக்கிக் காலை நன்றாக மடக்கினால், கொழுப்புக்குப் பின்னால் வெள்ளை நூல் மாதிரி ஏசிஎல் தெரியும். அறுத்ததும் கீழ்க்கால் எலும்பை முன்னால் இழுத்தால் மேசை டிராயர் மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். அறுப்பது ஒரு நொடி வேலை. கத்தி நுனி பக்கத்துக் குருத்தெலும்பில் கீறிவிட்டால்தான் வம்பு. அப்புறம் வருகிற தேய்மானம் மூட்டு தளர்ந்ததால் வந்ததா, நான் கீறியதால் வந்ததா? அதற்காகத்தான் ஷாம் குழு: எல்லாவற்றையும் திறந்து, ஜவ்வை அறுக்காமல் மூடிவிடுவது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்துக்காரர்கள் 2012-இல் கத்தியே இல்லாமல், 12 நியூட்டன், அதாவது ஒன்றேகால் கிலோ போல அழுத்தியே சுண்டெலியின் ஏசிஎல்லைக் கிழித்துக் காட்டினார்கள். அந்தக் கருவி எங்கள் லேபில் இல்லை, பொறாமைப்பட்டதோடு சரி.

எட்டு வாரம் கழித்து எடுத்த மூட்டுகளில், எலும்பிலுள்ள சுண்ணாம்பை நீக்கினால்தான் மெல்லிய சீவலாக வெட்ட முடியும். அவசரப்பட்டு முதல் தொகுதியை அமிலத்தில் போட்டேன். சாஃப்ரனின்-ஓ என்ற சாயம் நல்ல குருத்தெலும்பில் செக்கச்செவேல் என்று ஏற வேண்டும். எனக்கோ தொடாத காலில்கூட வெளிறிய ரோஸ். சாயம் ஒட்ட வேண்டிய, குருத்தெலும்பிலுள்ள புரோட்டியோகிளைக்கன் என்ற பொருளை அமிலம் தின்றுவிட்டிருந்தது. நோயையும் என் அவசரத்தையும் பிரித்துப் பார்க்க வழியில்லை. அத்தனை எலிகளும் வீண். அடுத்த தொகுதிக்கு, சுண்ணாம்பை மெதுவாக இழுத்தெடுக்கும் இ.டி.டி.ஏ. காரம் சேர்த்து பிஹெச் எட்டை நெருங்கும்வரை அந்தப் பொடி கரையாமல் பால் மாதிரி சுழன்றுகொண்டே இருக்கும். கரைத்து, சில நாளுக்கு ஒருமுறை மாற்றி, ஐந்து வாரம் காத்திருந்தேன்.

ஸ்லைடுகளின் லேபிளை மறைத்து நானும் ஜூனியரும் தேய்மானத்துக்குத் தனித்தனியே மதிப்பெண் போட்டோம். மறைப்பைப் பிரித்துப் பார்த்தால் ஷாம் எலி ஒன்று, அறுத்த எலிகளுக்குச் சமமாக நிற்கிறது. நோட்டைப் புரட்டினேன். அன்றைய பக்கத்தில் என் கையெழுத்தில்: 'கத்தி நழுவியது. லேசான கீறல்.'

அதை எடுத்துவிடலாமா என்று கைடிடம் கேட்டேன். "அறுத்த குழுவுல எத்தனை எலிக்குக் கீறல் பட்டுது? எழுதி வெச்சிருக்கியா?" என்றார். இல்லை. அங்கே கீறல் பட்டாலும் கண்டுகொள்ளத் தோன்றவில்லை.

அடுத்த தொகுதியில், தையல் போடும் முன் எல்லா மூட்டையும் போட்டோ எடுத்தேன். அந்த ஷாம் எலி என் ஆய்வேட்டின் வரைபடத்தில் தனிப்புள்ளியாக மேலே இருக்கிறது. வைவாவில் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான்.