ஜிப்ஸியில் எஸ்டீம் எஞ்சின், அதை ஓட்ட ஒரு ஸ்பீடுயினோ

கார்புரேட்டர் ஜிப்ஸியில் எஸ்டீமின் 16 வால்வு எஞ்சினை ஏற்றுவது கோயம்புத்தூர்ப் பக்கம் புதுசு இல்லை. இரண்டும் சுசூகியின் ஜி13 குடும்பம், இரண்டும் 1298 சிசி, சம்பையும் (அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) மவுன்ட்டையும் ஜிப்ஸியுடையதாக மாற்றிக்கொண்டால் உட்கார்ந்துவிடும். 60 குதிரை இருந்த இடத்தில் 85. ஆர்டிஓவில் அனுமதி வாங்கி ஆர்சியில் புது எஞ்சின் நம்பரை ஏற்றிய கதை தனி, அதை இன்னொரு நாள் சொல்கிறேன். இது ஈசியூ கதை, அதாவது பெட்ரோல் எவ்வளவு, ஸ்பார்க் எப்போது என்று முடிவு செய்யும் எஞ்சின் கம்ப்யூட்டரின் கதை.

எஞ்சினோடு பழைய ஈசியூவும் வயரிங்கும் வந்தன. ஆனால் யார் யாரோ வெட்டி ஒட்டி டேப் சுற்றிய அந்தக் கட்டைப் பிரித்துப் பார்த்ததுமே இது வேண்டாம் என்று தோன்றிவிட்டது. அர்டுயினோ மெகா 2560 என்ற சின்ன கம்ப்யூட்டர் போர்டு மேல் ஓடும் ஸ்பீடுயினோ என்ற ஈசியூ, அதை ட்யூன் செய்ய லேப்டாப்பில் ட்யூனர்ஸ்டூடியோ மென்பொருள், அவ்வளவுதான் என்று இறங்கினேன்.

எல்லோரும் பயப்படுவது எந்த வேகத்தில், எந்த லோடில் எவ்வளவு பெட்ரோல் என்று சொல்லும், 16க்கு 16 கட்டம் உள்ள அந்த ஃப்யூல் டேபிளைப் பார்த்துத்தான். என்னைக் கேட்டால் அது கடைசி வேலை, இருப்பதிலேயே சுலபமானதும் அதுதான். கிராங்க் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று ஈசியூவுக்குச் சரியாகத் தெரியாதவரை டேபிளில் எந்த எண்ணைப் போட்டும் பிரயோஜனம் இல்லை. அதற்காக 36 பல்லுக்கான இடத்தில் ஒரே ஒரு பல் மட்டும் இல்லாமல் வெட்டிய சக்கரம் ஒன்றை லேத்தில் கொடுத்து கிராங்க் புல்லியில் ஏற்றி, 1 மில்லிமீட்டர் அளவு இடைவெளியில் பல் கடப்பதை எண்ணும் ஹால் சென்சாரை நிறுத்தினோம். பல்லுக்குப் பல் 10 டிகிரி.

அடுத்தது டிடிசி, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் புள்ளி. பழைய புல்லியில் இருந்த மார்க்கை நம்ப மனசு வரவில்லை. பழைய ப்ளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, உள்ளே போல்ட் இறக்கி ஒரு ஸ்டாப்பர் செய்து, முதல் சிலிண்டரில் திருகி, கிராங்க்கைக் கையால் மெதுவாகப் பிஸ்டன் முட்டும்வரை சுற்றி ஒரு கோடு, பின்பக்கமாக முட்டும்வரை சுற்றி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்டநடுவே இருப்பது டிடிசி. (செல்ஃப் அடித்துப் பார்க்கலாமே என்று யாராவது ஐடியா கொடுத்தால் கேட்காதீர்கள், பிஸ்டன் போய்விடும்.) அப்புறம் மென்பொருளில் இக்னிஷனை டிடிசிக்கு 10 டிகிரி முன்னால் பூட்டிவிட்டு டைமிங் லைட் அடித்துப் பார்க்க வேண்டும். ஐடிலில் 10 காட்டினால் மட்டும் போதாது, 3000 ஆர்பிஎம்மிலும் அதே 10 நிற்க வேண்டும்.

எங்களுக்கு அந்த 10 அசையாமல் நின்றது, ஆனால் 4000ஐத் தாண்டினால் திடீர் திடீரென்று எஞ்சின் கட் ஆகும். பெட்ரோல் பத்தவில்லை, பம்ப் வீக் என்று பட்டறையில் ஆளுக்கொரு ஜோசியம். ஓடும்போது லேப்டாப்பில் பதிவான டேட்டா லாக்கைத் திறந்து பார்த்தால், எஞ்சின் கட் ஆன ஒவ்வொரு முறையும் சிங்க் லாஸ் (ஈசியூ கிராங்க்கின் நிலையைத் தவறவிடுவது) எண்ணிக்கை ஒன்று கூடியிருந்தது. எலக்ட்ரீஷியன் அண்ணன் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று கிராங்க் சென்சார் வயரையும் இரைச்சல் கிளப்பும் இக்னிஷன் காயில் வயரையும் ஒரே கட்டாகச் சுற்றியிருந்தார். சென்சாருக்கு ஷீல்டு வயர் போட்டு, ஷீல்டை ஈசியூ முனையில் மட்டும் எர்த் செய்து, காயிலை விட்டு விலக்கி இழுத்தோம். சென்சார்களின் எர்த்தைத் தனியாக ஈசியூவுக்குக் கொண்டுபோனோம். கட் நின்றது.

ஃப்யூல் டேபிளில் ஒன்றே ஒன்று கவனம். நெட்டில் கிடைக்கும் டேபிள்களும், ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எண்ணும் சுத்தப் பெட்ரோல் காலத்தவை. இப்போது பங்கில் அடிப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20, அதற்குச் சரியான கலவை 13.5 பக்கம். சைலன்சர் குழாயில் இருக்கும் வைட்பேண்ட் சென்சார் உண்மையில் அளப்பது லாம்டாவைத்தான் (சரியான கலவை என்றால் 1, பெட்ரோல் கூடினால் 1க்குக் கீழே), மீட்டர் அதைப் பெட்ரோல் கணக்கில் பெருக்கி 14.7 என்று காட்டுகிறது. அதனால் மீட்டரை லாம்டாவுக்கே மாற்றிவிட்டேன். சீராக ஓடும்போது 1, முழு த்ராட்டிலில் 0.87 அளவு. எந்தப் பங்கில் எவ்வளவு எத்தனால் கலந்தாலும் இலக்கு மாறாது. பகலெல்லாம் அவினாசி ரோட்டில் ஓட்டி லாக் எடுத்து, ராத்திரி உட்கார்ந்து கட்டங்களைத் திருத்துவது, இதுதான் ட்யூனிங்.

சிக்னலில் நின்றால் மட்டும் லீன் ஆகி (பெட்ரோல் குறைந்து) ஐடில் ஆடியது. மேனிஃபோல்டில் இருந்த காற்று வெப்ப சென்சார் எஞ்சின் சூட்டில் வெந்துபோய், உள்ளே வரும் காற்றே அவ்வளவு சூடு என்று ஈசியூவிடம் சொல்ல, அது பெட்ரோலைக் குறைத்துவிடுகிறது. சென்சாரை ஃபில்டரை ஒட்டிய குழாய்க்கு மாற்றியதும் அடங்கியது.

குளிர் ஸ்டார்ட்டுக்குப் பொறுமை வேண்டும், ஒரு நாளைக்கு ஒன்றுதான் கிடைக்கும். ஊட்டி ஏற்றத்துக்கு இன்னொரு விஷயம். சாவி போட்டதும் கோவையில் மேப் சென்சார் (மேனிஃபோல்டின் காற்றழுத்தத்தை அளப்பது) 97 கிலோபாஸ்கல் பக்கம் காட்டும், ஊட்டியில் 78 பக்கம். வெளிக்காற்றின் அழுத்தத்தை அளக்கத் தனி பாரோ சென்சார் இல்லாத போர்டு, எஞ்சின் நின்றிருக்கும்போது எடுத்த அளவையே மறுபடி அணைக்கும்வரை பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் இப்போதைக்கு ஏறும் வழியில் பர்லியாரில் ஒரு தடவை, குன்னூரில் ஒரு தடவை என்று டீ குடிக்கும் சாக்கில் எஞ்சினை அணைத்துப் போடுகிறேன். பாரோ சென்சார் ஆர்டர் போட்டாயிற்று.