ஏழாம் வகுப்பு மாணவனுக்கு எந்த வகுப்புக் கணக்கு?

எங்கள் பள்ளியின் ஹைடெக் லேபுக்குப் போகலாம் என்றதும் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு கிளம்புவார்கள். கணக்கு ஆசிரியரான எனக்கு அது மகிழ்ச்சிதான் என்றாலும், அதையே படிப்பின் மீதான ஆர்வமாக எடுத்துக்கொள்ளத் தயக்கமாக இருக்கிறது. வினாடி வினாச் செயலியில் புள்ளிகள் ஏறத் தொடங்கியதும், சிலர் கேள்வியைப் படிக்காமலேயே நான்கு விடைகளையும் வரிசையாகத் தட்டிப் பார்த்து, எது பச்சையாகிறது என்று தெரிந்தவுடன் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறார்கள்.

கருவி கைக்கு வந்தால் படிப்பும் வந்துவிடும் என்ற நம்பிக்கையைப் பெரு நாடு பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது. அங்கே 319 ஊரகத் தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வில், குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்று கொடுத்த பிறகும் கணக்கிலோ மொழியிலோ தேர்ச்சி உயரவில்லை. நம் பாடநூல்களில் 2018 முதல் அச்சாகும் கியூஆர் கோடுகளும் பயனுள்ளவையே. ஆனால் அவை திறக்கும் காணொலி அந்தந்த வகுப்புப் பாடத்தையே விளக்குவதால், மூன்று வகுப்பு பின்தங்கிய மாணவனுக்குக் கரும்பலகையில் புரியாதது திரையிலும் புரிவதில்லை.

இந்த இடத்தில்தான் டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் மென்பொருளைக் கொண்டு நடந்த ஆய்வு முக்கியமாகிறது. அதில் சேர்ந்த ஆறாம் வகுப்பு மாணவர்கள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தனர். மென்பொருள் ஒவ்வொருவரும் நிற்கும் இடத்தைக் கண்டறிந்து அங்கிருந்தே பயிற்சி கொடுத்தது. பள்ளி நேரத்துக்கு வெளியே இயங்கும் மையங்களில் 45 நிமிடம் கணினி, 45 நிமிடம் சிறு குழுவில் ஆசிரியர் உதவி என்று நாலரை மாதம் நடந்ததில், மற்ற மாணவர்களோடு ஒப்பிடக் கணக்கில் 0.37, இந்தியில் 0.23 திட்டவிலக்க அளவுக்கு (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவுகோல்) முன்னேற்றம் கிடைத்தது.

இருந்தும், அவர்களுடைய பள்ளித் தேர்வில் கணக்கு மதிப்பெண் குறிப்பிடும்படி உயரவில்லை. இந்த முடிவு பலருக்குப் புதிராக இருக்கலாம், எனக்கு இல்லை. என்னிடம் படிக்கும் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் 503-இலிருந்து 248-ஐக் கழித்து 345 என்று எழுதியிருந்தான். ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறான், அவ்வளவுதான். நடுவில் பூஜ்யம் இருந்தால் எங்கே போய்க் கடன் வாங்குவது என்பதை யாரும் அவனுக்கு உட்கார்ந்து சொல்லித்தரவில்லை. சிவப்புப் பெருக்கல் குறி மட்டும் காட்டும் செயலியாலும் அதைச் சொல்ல முடியாது. சொல்லிக்கொடுத்ததும் 255 சரியாக வந்தது. அதே போன்ற கணக்குகளை அவனாகவே கேட்டு வாங்கிப் போட்டான். ஆனால் பருவத் தேர்வில் வந்தவை முழுக்களும் இயற்கணிதமும்தான். இடையில் அவன் ஏறிய படிகளுக்கு அந்த வினாத்தாளில் ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. வீட்டில் பார்ப்பதும் தலைமையாசிரியர் கேட்பதும் அந்த மதிப்பெண்ணைத்தான் என்னும்போது, அவனுடைய ஊக்கம் எத்தனை நாள் தாங்கும்?

தொடக்க வகுப்புகளில் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறது. அந்தப் பதிவுகளைச் செயலியில் ஏற்றுவதிலேயே ஆசிரியரின் நேரம் போகிறது என்ற புலம்பல் தனிக் கதை. ஆனாலும் பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்குவது சரியான முறை. அது நடுநிலை வகுப்புத் தேர்வுத்தாளுக்கும் வர வேண்டும். அதுவரை, தேர்ச்சி அட்டையில் கையொப்பம் வாங்க வரும் பெற்றோரிடம், ஜூன் மாதம் போட்ட கழித்தலையும் இப்போது போட்டிருப்பதையும் அந்தப் பிள்ளையின் நோட்டிலேயே காட்டிவிட்டுத்தான் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசுகிறேன்.